என் காய்ச்சலை ரேணு எழுதினாள்

எனக்குக் காய்ச்சல் வந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் நான் எப்படிச் சரிந்து உட்கார்ந்தேன், எந்த நர்ஸ் ஊசி குத்தினால் வலிக்காது, மூக்கில் ஆக்ஸிஜனை வைத்துக்கொண்டே ரசம் சாதம் கேட்டு எப்படி அடம்பிடித்தேன் என்பதெல்லாம் நீங்கள் படித்ததுதான். ஆனால் அதை எழுதியது நான் இல்லை. என் ஓரகத்தி ரேணுகா. படுத்துக் கிடந்தவள் நான், எழுதியவள் அவள். இப்போது உடம்பு தேறி, ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் கலைவதைப் பார்த்தபடி உட்கார்ந்து, ஏற்கெனவே சொல்லி முடிக்கப்பட்ட என் சொந்தக் கதையை மறுபடி சொல்லப் போகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ரேணு என் கணவருடைய தம்பியின் மனைவி. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து ஏற்காடு கடைவீதியில் காப்பித்தூள், மிளகு, தேன் விற்கும் கடை வைத்திருக்கிறார்கள். கடைக்குப் பின்னால் ஒரே சுற்றுச்சுவருக்குள் எங்கள் இரண்டு வீடுகள். நான் இங்கே ஒரு பள்ளியில் அலுவலக வேலை பார்க்கிறேன். ரேணு கடையில் உட்காருவாள்.

முதலில் பிளாக் தொடங்கியது நான். அவளுக்கும் ஒன்று திறந்து கொடுத்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் பதிவு வெளியாகும் என்று காட்டிக்கொடுத்ததும் நான். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் வருஷத்துக்கு இரண்டு மூன்று பதிவு போடுவேன். ஒவ்வொன்றையும் மாதக்கணக்கில் வைத்துத் திருத்துவேன். ஒரு வார்த்தை சரியாக வரவில்லை என்றால் மழைக்காலம் முழுக்க அது அப்படியே கிடக்கும். ரேணு தினமும் எழுதினாள். குக்கர் விசில் அடிக்க மறுத்தது, கொண்டை ஊசி வளைவில் பஸ் திணறி நின்றது, கடைக்கு வந்த ஒரு டூரிஸ்ட் மிளகை முகர்ந்து பார்த்துத் தும்மித் தீர்த்தது என்று எது கண்ணில் பட்டாலும் எழுதினாள். ழகரம் வர வேண்டிய இடத்தில் ளகரம் போடுவாள். அவள் பதிவுக்குக் கீழே பின்னூட்டங்கள் வரிசைகட்டி நிற்கும். என் பதிவுக்குக் கீழே ‘அருமை’ என்று இரண்டு பேர் எழுதியிருப்பார்கள். அதில் ஒருவர் என் அண்ணன்.

காய்ச்சல் வந்ததே எழுத்தால்தான். மிளகுக் கொடியைப் பற்றி ஒரு பதிவு எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேணுவையும் கூட்டிக்கொண்டு செம்மநத்தம் போனேன். கடைக்கு மிளகு கொடுக்கும் ஒரு குடும்பம் அங்கே இருக்கிறது. நான் காப்பிச் செடிகளுக்கு நடுவே புல்லில் உட்கார்ந்து, சில்வர் ஓக் மரத்தில் கொடி ஏறும் விதத்தைக் குறித்துக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் இருந்தேன். ரேணு அந்த வீட்டுப் பெண்களோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது வண்டியிலேயே அவள் போனில் பதிவை எழுதி முடித்துவிட்டாள். நான் எடுத்த குறிப்புகள் இன்றுவரை குறிப்புகளாகவே இருக்கின்றன. பூச்சி கடித்தது மட்டும் என்னை.

அது அப்போது தெரியவில்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தலைவலியோடு காய்ச்சல் தொடங்கியது. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல ஒரு வலி. இங்கே உள்ள டாக்டர் சாதாரண வைரஸ் காய்ச்சலாக இருக்கும் என்றார். டெங்கு பரிசோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது. மாத்திரை போட்டால் இறங்கும், சாயங்காலம் மறுபடி ஏறும். ஒரு வாரம் ஆன பிறகு ஒரு காலை, குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே மூச்சு வாங்கி நின்றேன். என் கணவர் காரை எடுத்தார். ரேணு கேட்காமலேயே ஒரு பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு பின் சீட்டில் ஏறி என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வளைவுக்கு வளைவு எனக்கு வாந்தி வந்தது. அடிவாரம் வந்தபோது மூச்சு மேல்மூச்சாக மாறிவிட்டது. சேலம் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் கால் மடங்கியது. அதுவரைதான் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது.

மிச்சத்தைத் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடியும். விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். எண்ணைப் பார்த்த நர்ஸ் வேகமாகத் திரும்பி யாரையோ அழைத்தார். மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. ரத்தம் உறைவதற்கு உதவும் அணுக்கள் அவை. டெங்குவிலும் அப்படித்தான் குறையும் என்பதால் அவர்களுக்கே முதலில் குழப்பம்.

கண்டுபிடித்தது ஒரு பெண் டாக்டர். சின்ன வயசு. திரையை இழுத்துவிட்டு, மலையிலிருந்து வருகிறீர்களா என்று கேட்டார். தோட்டத்தில் உட்கார்ந்தீர்களா என்று கேட்டார். தலை முடியிலிருந்து கால் விரல் இடுக்கு வரை தேடினார். பாவாடை நாடா கட்டும் இடத்தில் ஒரு கறுத்த புண் இருந்தது. பீடி நெருப்பால் சுட்டது போல, நடுவில் கறுப்பு, சுற்றிலும் சிவப்பு. வலிக்காது, அரிக்காது. நாடா உரசிய காயம் என்று நான் விட்டுவிட்டிருந்தேன். டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரேணுவிடம், உண்ணிக் காய்ச்சல் என்று சொன்னார்.

புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சிக் குஞ்சு கடிப்பதால் வருவது இது. கடித்த இடத்தில் இந்தக் கறுப்புப் பொருக்கு உண்டாகும். கிருமி அங்கிருந்து ரத்தக் குழாய்களுக்குள் போய் நுரையீரல், ஈரல், சில சமயம் மூளை வரை தொந்தரவு கொடுக்கும். நேரத்தில் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையில் சரியாகிவிடும். எனக்கு நேரம் கொஞ்சம் தப்பிவிட்டது. மருந்தை நரம்பில் ஏற்றி, முகத்தில் ஆக்ஸிஜன் கவசத்தைக் கட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க வைத்தார்கள். உடன் ஒரு பெண்தான் இருக்கலாம் என்றார்கள். ரேணு இருந்தாள். என் கணவர் கீழே வரவேற்பறை நாற்காலியில் இருந்தார். கொழுந்தனார் கடையைப் பார்த்துக்கொண்டார்.

பயம் என்று தனியாக ஒன்றை நான் உணரவில்லை. மூச்சு மட்டும்தான் தெரிந்தது. அடுத்த மூச்சு வருமா என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாத நாட்கள் அவை. ரேணு என் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள் என்பது மட்டும் தெரியும். கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அவள் கையில் போன் இருந்தது. கொழுந்தனாரோடு பேசுகிறாள் என்று நினைத்தேன்.

காய்ச்சல் இறங்கி, கவசம் போய், மூக்கில் மெல்லிய குழாய் மட்டும் மிச்சமாகி, தனி அறைக்கு மாற்றிய பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ரத்தம் எடுக்க வந்த பெண் என் பெயரைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள். “நீங்கதானுங்களா ரேணு அக்காவோட அக்கா? தெனமும் படிக்கிறேனுங்க. எங்க அம்மா உங்களுக்காக வேண்டிக்கிட்டாங்க” என்றாள்.

ரேணு டிபன் வாங்கப் போயிருந்தாள். நான் என் போனை எடுத்து அவளுடைய பிளாக்கைத் திறந்தேன். நாளுக்கு ஒரு பதிவு. சில நாள் இரண்டு. மலையிறங்கிய பயணம், வாசலில் நான் விழுந்தது, எக்ஸ்ரே, தட்டணு, எல்லாம் இருந்தது. ஆக்ஸிஜன் தண்ணீருக்குள் குமிழியிடும் சத்தத்தைப் பற்றி, ‘உலை கொதிக்கிற சத்தம் மாதிரியே இருக்கிறது, அரிசி போடத்தான் ஆளில்லை’ என்று எழுதியிருந்தாள். அந்தச் சத்தத்தை நானும்தான் நாள் முழுக்கக் கேட்டேன். எனக்கு அது தோன்றவில்லை. படித்தபோது மூக்கில் குழாயோடு எனக்கு வந்த முதல் உணர்ச்சி, உயிர் பிழைத்த சந்தோஷம் இல்லை. வயிற்றெரிச்சல்.

அடுத்து இடுப்பைப் பற்றிய பதிவு. பாவாடை நாடா கட்டும் இடம் என்று அப்படியே எழுதியிருந்தாள். வீட்டுக்குள்கூடச் சத்தமாகச் சொல்லாத இடத்தை ஊரே படித்துவிட்டிருந்தது. கோபத்தோடு பதிவுக்குக் கீழே இருந்ததைப் படித்தேன். எங்கள் மலையிலேயே வெள்ளக்கடை என்ற ஊரில் இருக்கும் ஒரு பெண் பின்னூட்டம் எழுதியிருந்தாள். தன் மாமனாருக்கும் விடாத காய்ச்சல் என்றும், இதைப் படித்துவிட்டுத் தேடியபோது அக்குளில் அதே மாதிரி கறுப்புப் புண் இருந்தது என்றும், உடனே கூட்டிக்கொண்டு போனதில் இப்போது எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்றும் எழுதியிருந்தாள். கடைசியில், ‘ரேணு அக்கா, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்’ என்று இருந்தது.

புண் என்னுடையது. இடுப்பு என்னுடையது. நன்றி அவளுக்கு. ஒரு பெரியவர் பிழைத்திருக்கிறார் என்பதைக்கூட என்னால் முழு மனதாகக் கொண்டாட முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ரேணு சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று விசாரித்திருந்தார்கள். என் பிளாக்கைத் தொடக்க காலத்திலிருந்து படித்து வந்த ஒரு வாசகர், நான் என் சொத்தாக நினைத்திருந்த ஒருவர், அங்கே போய் நாள் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

ரேணு இட்லிப் பொட்டலத்தோடு வந்தாள். எதற்காக இதையெல்லாம் எழுதினாய் என்று கேட்டேன். அவளுக்கு என் குரலிலேயே புரிந்துவிட்டது.

“எல்லாரும் போன் பண்ணிக் கேட்டுக்கிட்டே இருந்தாங்கக்கா. ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்குள்ள எனக்கு அழுகையா வந்துருச்சு. ஒருக்கா எழுதிப் போட்டா எல்லாரும் படிச்சுக்குவாங்கன்னு எழுதுனனுங்க.”

“இனிமே என்னைப் பத்தி எழுதாத ரேணு” என்றேன்.

சரிங்கக்கா என்றாள். சட்னியைப் பிரித்து வைத்தாள். அன்றிலிருந்து எழுதவில்லை.

அதனால் வந்த வினையை நான் எதிர்பார்க்கவில்லை. தினமும் வந்துகொண்டிருந்த செய்தி திடீரென்று நின்றுபோனால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நான் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்றுதான் நினைத்தார்கள். கடைக்குப் போன் மேல் போன். பள்ளியில் இருந்து உடன் வேலை பார்க்கும் இரண்டு பேர் பதறிக்கொண்டு பஸ் ஏறி வந்து, நான் கட்டிலில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். கொழுந்தனார் என் கணவரை அழைத்து, எதையாவது எழுதிப் போடச் சொல்லுங்கள் அண்ணா, வியாபாரம் பார்க்க முடியவில்லை என்றாராம்.

நானே எழுதுகிறேன் என்று சொன்னேன். நலமாக இருக்கிறேன், கவலை வேண்டாம். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். காலையில் உட்கார்ந்தேன். ‘நலமாக’ போதுமா, ‘நலம்பெற்று’ வேண்டுமா? இருமல் இன்னும் இருக்கும்போது நலம் என்பது பொய்யாகாதா? மதியச் சாப்பாடு வரும்வரை மூன்று வரியை எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் போனைக் கணவரிடம் கொடுத்து, நீங்களே எதையாவது போடுங்கள் என்றேன். அவர் ‘சுமதி நன்றாக இருக்கிறாள்’ என்று போட்டார். என் பிளாக்கில் அதிகம் பேர் பதில் எழுதிய பதிவு இன்றைக்கும் அதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகும் என் ஆற்றாமை அடங்கவில்லை. ஒரு நாள் காலை காப்பி குடிக்கும்போது கணவரிடம் ரேணுவைப் பற்றிப் புலம்பினேன். என் கஷ்டத்தை வைத்து அவள் பெயர் வாங்கிக்கொண்டாள் என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஐசியூல நீ என்ன பேசுனேன்னு உனக்கு நெனப்பே இல்லையா?” என்றார்.

எனக்கு எதுவும் நினைவில்லை. இந்தக் காய்ச்சல் மூளையைத் தொட்டால் பிதற்றல் வரும் என்று டாக்டர் பிறகு சொன்னார். எனக்கும் ஒரு நாள் பகல் முழுக்க அப்படி இருந்ததாம். கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, என் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து, நீ எழுதுவது குப்பை என்று சொன்னேனாம். ஊரே கைதட்டினாலும் குப்பைதான், உனக்கு எழுதத் தெரியாது, நான் போட்ட பிச்சை உன் பிளாக் என்று சொன்னேனாம். நர்ஸுகள் இருக்கும்போது, பார்வை நேரத்தில் வந்த சொந்தக்காரர்கள் இருக்கும்போது, திரும்பத் திரும்பச் சொன்னேனாம். ரேணு எழுந்து வெளியே போனாளாம். சிறிது நேரத்தில் கஞ்சியோடு திரும்பி வந்தாளாம்.

ஜுரத்தில் உளறியது என்று அதைத் தள்ளிவிடலாம். ஆனால் ஜுரம் புதிதாக எதையும் உண்டாக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அத்தனை வார்த்தையும் எனக்குள் தயாராக, நன்றாகத் திருத்தி வைக்கப்பட்டு, இருந்தவைதான். 

போனைத் திறந்து அந்த நாளின் பதிவைத் தேடினேன். எல்லாவற்றையும் எழுதும் ரேணு அன்றைக்கு எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘இன்று அக்கா நிறையப் பேசினாங்க. குரல் நல்லா வந்துச்சு. மருந்து வேலை செய்யுதுன்னு டாக்டர் சொன்னாங்க.’

தினமும் எழுதுகிறவள் எதையும் யோசிக்காமல் கொட்டுகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். எதை விடுவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இதைச் சொல்வதற்கு எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதற்கும் பொறாமைப்படுகிறேன் என்பது இன்னும் கஷ்டம்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. நானும் அடிக்கடி எழுத வேண்டுமா? குறைவாக எழுதினால் தரமாக இருக்கும் என்று சொல்லி வந்தேன். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், அடிக்கடி எழுதினால் நான் சாதாரணமாக எழுதுகிறவள் என்பது தெரிந்துவிடும். மாதக்கணக்கில் ஊறப்போட்டால் அது தெரியாது என்று நம்பினேன். ஆஸ்பத்திரியில் அந்த மூன்று வரியோடு மல்லுக்கட்டியபோது அந்த நம்பிக்கை போய்விட்டது. நான் உயிரோடு இருக்கிறேன் என்பதைக்கூட நேரத்துக்குச் சொல்ல முடியாத எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தினமும் எழுத என்னால் முடியாது. குக்கர் விசில் வராவிட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும், பதிவு வராது. அவளைப் போல எழுதப் பார்த்தால் அவளைப் போலவும் இருக்காது, என்னைப் போலவும் இருக்காது. பல நாள் யோசித்து, வாரத்துக்கு ஒன்று என்று முடிவு செய்திருக்கிறேன். சனிக்கிழமை உட்காருவேன், ஞாயிறு இரவுக்குள் போட்டுவிடுவேன், சரியாக வராவிட்டாலும் போட்டுவிடுவேன். பெரிய ஞானம் எதுவும் வந்து எடுத்த முடிவு இல்லை. நான் சொல்லாவிட்டால் என்னைப் பற்றி வேறு யாராவது சொல்லிவிடுவார்கள், அதுவும் நன்றாகச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம்தான்.

ரேணு சொல்லாமல் விட்டதை நான் சொல்ல வேண்டும் என்பதால் முதலில் இதை எழுதினேன். போடுவதற்கு முன்னால் அவளிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை. அவள் கடையில் தேன் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். நின்றுகொண்டே முழுக்கப் படித்தாள். நடுவில் ஒரு வாடிக்கையாளர் வந்தபோது காப்பித்தூளை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி படித்தாள்.

“நல்லா இருக்குதுங்கக்கா” என்றாள். பிறகு, “ஒண்ணு மட்டும் தப்புங்க” என்றாள்.

அவள் அன்று ஐசியூவுக்கு வெளியே போய் அழுதாள் என்று நான் எழுதியிருந்தேன். கணவர் அப்படிச் சொல்லவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது, இப்போது எடுத்துவிட்டேன்.

“நான் அழுவலீங்கக்கா. எனக்கு நொம்பக் கோவம். ஊட்டுக்குப் போயிரலாம்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துட்டேன். அப்பறம் உங்களுக்குக் கஞ்சி குடுக்கற நேரம் ஆச்சேன்னு திரும்பி வந்தேன்.” ஒரு பாட்டிலை எடுத்து ஸ்டிக்கரை ஒட்டி, கட்டைவிரலால் நீவினாள். “கோவத்தோட ஆத்துனா கஞ்சி ஆறவே மாட்டேங்குது. அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் கடைக்கு வந்திருந்தேன். கேட்டேன். ஆனால் அதற்கு முன்னால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

“ரேணு, இப்பச் சொன்னியே, கஞ்சி ஆறலைன்னு. அதை நான் எழுதிக்கட்டுமா?”

அவள் அடுத்த பாட்டிலைக் கையில் எடுத்தாள்.

“எழுதிக்கங்கக்கா. எங்கிட்ட நெறையா இருக்குது.”